பொது இடத்தில் சீருடைக் குறையைத் திருத்தும் முறை: நெல்லைப் பகுதியில் புதிதாகப் பொறுப்பேற்பவர்களுக்கு

திருநெல்வேலி, பாளையங்கோட்டைக் கல்லூரிகளின் என்.சி.சி. (தேசிய மாணவர் படை) பிரிவுகளில் இந்த ஆண்டு சார்ஜென்ட், அண்டர் ஆபீசர் போன்ற பொறுப்புகளை ஏற்றிருக்கும் மாணவர்களையும், படைப்பணி முடித்து ஊர் திரும்பி, தெருவில் ஒரு சீருடைக் குறையைக் கண்டால் மனம் பொறுக்காத முன்னாள் படைவீரர்களையும் எண்ணி இதை எழுதுகிறேன். பரேடு மைதானத்தில் குறையைத் திருத்துவது எளிது. அங்கே நிற்பவர்கள் அனைவரும் ஒரே கட்டளைக்கு உட்பட்டவர்கள், பார்ப்பவர்களும் அவர்களே. வேய்ந்தான்குளம் புதிய பேருந்து நிலையத்திலோ சந்திப்பு ரயில் நிலையத்தின் நடைமேடையிலோ அதே குறையைத் திருத்தும்போது ஊரே பார்க்கிறது. ஆகவே திருத்தம் முடிந்த பிறகு குறை நீங்கியிருக்க வேண்டும். அணிந்திருப்பவரின் மதிப்பும் குறையாமல் இருந்திருக்க வேண்டும். இரண்டாவது தவறிப்போனால் முதலாவதால் பயனில்லை. திறந்து கிடக்கும் ஒரு பித்தானைவிட, அந்தப் பித்தானுக்காக ஒருவர் நடுத்தெருவில் சத்தம் போட்டு அவமானப்படுத்தப்படுவதே சீருடைக்குப் பெரிய இழுக்கு.

முதலில், யாருடைய சீருடை என்று பாருங்கள்

நம் மாவட்டத்தில் கன்டோன்மென்ட் எனப்படும் ராணுவக் குடியிருப்புப் பகுதி கிடையாது. சிவப்புத் தொப்பியும் வெள்ளை பெல்ட்டும் அணிந்த ராணுவப் போலீசார் நம் தெருக்களில் சுற்றி வந்து குறைகளைக் கவனிப்பதில்லை. ஆனால் சீருடைகளுக்குப் பஞ்சமில்லை. விஜயநாராயணத்தில் 1990 முதல் கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம் இயங்குகிறது. கூடங்குளம் அணுமின் நிலையத்தையும் மகேந்திரகிரியின் இஸ்ரோ வளாகத்தையும் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையினர் காக்கிறார்கள். மணிமுத்தாறில் தமிழ்நாடு சிறப்புக் காவல்படை இருக்கிறது. இவர்களோடு ஆயுதப்படைக் காவலர்கள், ஊர்க்காவல் படையினர், என்.சி.சி. மாணவர்கள், ஜவுளிக்கடை வாசலில் நிற்கும் தனியார் காவலாளிகள் என்று ஒரே பேருந்தில் நான்கு விதச் சீருடைகளைப் பார்க்க முடியும்.

காக்கியைக் கண்டாலே மிலிட்டரி என்று சொல்லிவிடும் பழக்கம் ஊரில் உண்டு. தரைப்படையின் அன்றாட உடை ஆலிவ் பச்சை, காக்கி அல்ல. காக்கி காவல்துறைக்கும், தொழிற்பாதுகாப்புப் படைக்கும், என்.சி.சி.யின் தரைப்படைப் பிரிவுக்கும் உரியது. கடற்படைக்கு வெள்ளை, விமானப்படைக்கு நீலம். தரைப்படையின் இன்றைய களச்சீருடை, 2022 ஜனவரி 15 அன்று ராணுவ தின அணிவகுப்பில் முதன்முதலாகக் காட்டப்பட்ட டிஜிட்டல் வடிவம். நிறத்தைப் பார்த்தபின் தோளையும் கையையும் பாருங்கள். தோள் எழுத்துகள் எந்தப் படை என்று சொல்லிவிடும். பதவியைக் கைப்பட்டைகள் சொல்லும்: தரைப்படையில் லான்ஸ் நாயக்குக்கு ஒரு பட்டை, அடுத்த பதவியான நாயக்குக்கு இரண்டு, அதற்கும் மேலான ஹவில்தாருக்கு மூன்று. அவை வலது கையில் இருக்கும். பெயர்ப்பட்டை வலது மார்பிலும், பதக்க ரிப்பன்கள் இடது மார்பிலும் இருக்கும்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு படையில் தவறாக இருப்பது இன்னொரு படையில் சரியாக இருக்கலாம். தரைப்படையில் சல்யூட் அடிக்கும்போது உள்ளங்கை எதிரில் நிற்பவருக்குத் தெரியும். கடற்படையில் உள்ளங்கை கீழ்நோக்கி இருக்கும். விமானப்படையில் 2006 முதல் கை சாய்கோணத்தில் நிற்கும். தரைப்படைப் பிரிவில் பயிற்சி பெற்ற மாணவர் ஒருவர், விஜயநாராயணத்திலிருந்து வந்த மாலுமியின் சல்யூட்டைத் தவறென்று எண்ணிவிடக்கூடும். அப்படியே, பேட்ஜ் இடது கண்ணுக்கு மேலே வர வேண்டும் என்பது பெரே என்னும் தட்டையான துணித்தொப்பிக்கு உரிய விதி; சீக்கிய வீரரின் தலைப்பாகையில் பேட்ஜ் நடுவில்தான் இருக்கும். எனவே உங்கள் பிரிவைச் சேர்ந்த, உங்களுக்கு இளையவரான ஒருவரை மட்டுமே நீங்கள் திருத்தலாம். மற்றவர்களிடம் மிஞ்சிப்போனால் ஒரு நல்ல வார்த்தையாகச் சொல்லலாம். அதற்கு மேல் உங்களுக்கு உரிமையில்லை.

எந்தக் குறையை அங்கேயே திருத்துவது

கண்ணில் படும் எல்லாவற்றையும் பொது இடத்தில் திருத்த வேண்டியதில்லை. ஒரு நிமிடத்துக்குள் சரிசெய்யக்கூடியதை அங்கேயே சொல்லுங்கள்: திறந்த பித்தான், ஒரு பக்கம் மட்டும் இறங்கிய கைமடிப்பு, பக்கவாட்டில் போன பெல்ட் பக்கிள், அவிழ்ந்த பூட் நாடா, பின்னால் சரிந்த பெரே, காதில் மாட்டிய இயர்போன். மங்கிப்போன பூட் பாலிஷ், கஞ்சி போடாத சட்டை, வளர்ந்த முடி ஆகியவற்றை நடைமேடையில் வைத்துச் சொல்லிப் பயனில்லை. அவை அடுத்த பரேடில் சொல்ல வேண்டியவை. பாதிச் சீருடை, அதாவது காக்கிக் கால்சட்டைக்கு மேல் டி-ஷர்ட்டும் காலில் செருப்புமாக வருவது, இரண்டுக்கும் நடுவில் நிற்பது. அதைக் கண்டால் வீட்டுக்குப் போய் மாற்றிவரச் சொல்லுங்கள், அல்லது முழுவதும் சாதாரண உடைக்கு மாறச் சொல்லுங்கள்.

தொப்பியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊர் வெயிலில் முதலில் கழல்வது அதுதான். சித்திரை, வைகாசி மாதங்களில் கம்பளித் துணியாலான பெரேயை மணிக்கணக்காக அணிந்திருப்பது கடினம் என்பதை நான் மறுக்கவில்லை. இருந்தாலும் சீருடையோடு வெளியில் வெறுந்தலையாக நிற்பவர் சல்யூட் அடிக்க முடியாது. மேலதிகாரி எதிரே வந்தால் சாவ்தான் நிலையில், அதாவது விறைப்பாக அசையாமல், நிற்க மட்டுமே அவருக்கு முடியும். ஆகவே தொப்பியைக் கழற்றியிருப்பவரைக் கண்டதும் அணியச் சொல்வதற்கு முன், அவரை நிழலுக்கு அழைத்துத் தண்ணீர் கொடுங்கள். மயக்கம் வரும் நிலையில் இருப்பவருக்குத் தேவை திருத்தமல்ல, உதவி. பேருந்துக்குள் நெரிசலில் கழற்றி வைத்திருப்பதைக் குறையாகக் கொள்ள வேண்டாம். இறங்கியவுடன் அணிந்தால் போதும். இருசக்கர வாகனத்தில் வருபவர் பெரே அணிந்து வந்தால் அதுதான் குறை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்குகிறது; சீருடை அதற்கு விலக்கு அளிப்பதில்லை. வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றியபின் பெரேயை அணிய வேண்டும்.

திருத்தும் முறை

அருகில் செல்லுங்கள். தூரத்திலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவதும், விரலால் சுட்டிக் காட்டுவதும், கைதட்டி அழைப்பதும் வேண்டாம். மூன்றடித் தொலைவில் நின்று, பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காத குரலில் பேசுங்கள். முடிந்தால் இரண்டு எட்டு தள்ளி ஒரு தூணின் பக்கமோ கடையின் ஓரமோ அழைத்துச் செல்லுங்கள். கூட்டத்துக்கு அது இரண்டு மாணவர்கள் பேசிக்கொள்வதாகவே தெரிய வேண்டும்.

எப்படி விளிப்பது என்பது நம் ஊரில் மிக முக்கியமான செய்தி. நண்பர்களுக்குள் "ஏல" என்று அழைத்துக்கொள்வது அன்பின் அடையாளம். ஆனால் சீருடையில் இருக்கும் ஒருவரைப் பொது இடத்தில் "ஏல, இங்க வா" என்று அழைத்தால், அவருடைய நண்பராகவே நீங்கள் இருந்தாலும், கேட்பவர்கள் காதில் அது சீருடையைத் தாழ்த்துவதாகவே விழும். இளையவரைத் தம்பி என்றோ அவருடைய பதவியைச் சொல்லியோ அழையுங்கள். வயதில் மூத்த முன்னாள் வீரரை அண்ணாச்சி என்று அழையுங்கள். சொல்வதையும் சுருக்கமாகச் சொல்லுங்கள். "தம்பி, ஒரு நிமிஷம் இப்படி வாங்க. தொப்பி பின்னால சரிஞ்சிருக்கு, பேட்ஜை இடது கண்ணுக்கு நேரே கொண்டு வாங்க" என்றால் போதும். குறை எது, சரி எது என்ற இரண்டும் அதில் இருக்கின்றன. "இதுகூடத் தெரியாதா", "யார் உனக்குச் சொல்லிக் கொடுத்தது" போன்ற கேள்விகள் எதையும் திருத்துவதில்லை. அவை அவருடைய பயிற்சியாளரையும் சேர்த்துத்தான் இழிவுபடுத்துகின்றன.

கையை நீட்டி நீங்களே சரிசெய்யாதீர்கள். இளையவரின் காலரைப் பிடித்து இழுத்துச் சரிசெய்வது உரிமையாகத் தோன்றலாம். பார்ப்பவர்களுக்கு அது சண்டையாகத் தெரியும். அவரே சரிசெய்யட்டும். தொட வேண்டிய தேவை இருந்தால், உதாரணமாக முதுகுப்புறத்தில் பெல்ட் முறுக்கியிருந்தால், கேட்டுவிட்டுத் தொடுங்கள். மாணவியரின் கொண்டை வலை, முடிக்கிளிப், காதணி போன்றவற்றை மாணவர்கள் சொல்லக் கூடாது. மாணவியரில் மூத்தவரிடம் மெதுவாகத் தெரிவித்து அவர் மூலமாகச் சொல்லச் செய்யுங்கள்.

திருத்தச் செல்பவரின் பையில் ஊசி, காக்கி நூல், இரண்டு பின்னூசிகள், ஒன்றிரண்டு பித்தான்கள், ஒரு பழந்துணி ஆகியவை இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்திச் சொல்வேன். சந்திப்பிலிருந்து பாளைக்குக் காலை நேரத்தில் நகரப் பேருந்தில் நின்று வருபவருடைய தோள்பட்டைப் பித்தான் தெறித்துப் போவது அவருடைய அலட்சியத்தால் அல்ல. அவரிடம் குறையை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தால், அவருக்கு அதை நீக்க வழி இருக்காது. பின்னூசியையும் சேர்த்து நீட்டினால் பிரச்சினை அங்கேயே முடிகிறது. சரிசெய்து முடித்ததும் ஒரு தலையசைப்போடு நகர்ந்துவிடுங்கள். பின்னர் கல்லூரியில் நண்பர்களிடம் அதைக் கதையாகச் சொல்ல வேண்டாம்.

வரிசையில் நின்றபின் திருத்தக் கூடாது. குடியரசு நாளிலோ சுதந்திர நாளிலோ வ.உ.சி. மைதானத்தில் அணிவகுப்புக்கு வரும் மாணவர்களின் குறைகளை, வாகனத்திலிருந்து இறங்கியவுடன், வரிசை அமைவதற்கு முன்னால் பார்த்துவிட வேண்டும். அணி நின்றபின், குறிப்பாகத் தேசிய கீதம் ஒலிக்கும்போது, பக்கத்தில் நிற்பவரின் தொப்பி விழுந்தாலும் அசையாமல் நிற்பதே சரி. மூத்தவர் ஒருவரின் உடையில் குறை கண்டால் அதையும் சொல்லலாம். ஏ.என்.ஓ.விடமோ (பிரிவுக்குப் பொறுப்பான ஆசிரியர்) பி.ஐ. ஸ்டாஃபிடமோ (படையிலிருந்து வரும் பயிற்சியாளர்) தனியாகச் சென்று, "சார், காலர் பேட்ஜ் ஒண்ணு திரும்பியிருக்கு" என்று சொல்பவரை எந்த நல்ல அதிகாரியும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சொன்னதை அவர் ஏற்க மறுத்தால் இரண்டாவது முறை சொல்லாதீர்கள். வாக்குவாதம் தொடங்கினால் அங்கே கூடும் கூட்டம் உங்கள் இருவரையும்தான் வேடிக்கை பார்க்கும். தேதி, இடம், குறை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு உங்கள் ஏ.என்.ஓ.விடம் ஒருமுறை தெரிவியுங்கள். கைபேசியில் படம் எடுப்பதும், குழுக்களில் பகிர்வதும் எந்த நிலையிலும் கூடாது.

கையில் கட்டிய கயிறு

வேறு ஊர்களில் இது ஒரு சிறு குறை. நம் பகுதியில் அப்படியல்ல. இங்கே மணிக்கட்டில் கட்டும் வண்ணக் கயிறு பல நேரங்களில் சாதியின் அடையாளமாக இருக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவர் வீட்டுக்குள் புகுந்து வெட்டப்பட்ட கொடுமைக்குப் பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு ஒருநபர் குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், பள்ளி மாணவர்கள் வண்ணக் கயிறு போன்ற அடையாளங்களை அணிவதைத் தடைசெய்யப் பரிந்துரைத்தது. சீருடை அணிந்தவர் எந்தச் சாதிக்கும் உரியவராகத் தெரியக் கூடாது என்பதே சீருடையின் அடிப்படை. ஆகவே இந்தக் குறையைக் கண்டும் காணாமல் விட்டுவிட முடியாது.

ஆனால் திருத்தும் முறையில் மிகுந்த கவனம் வேண்டும். பேருந்து நிலையத்தில் ஒருவரின் கயிற்றைக் கழற்றச் சொன்னால், சொன்னவர் எந்தத் தெரு, எந்த ஊர் என்ற பேச்சு அடுத்த நொடியே எழும். சீருடை மறந்துபோய் வேறொரு பகை அதன் இடத்துக்கு வந்துவிடும். எனவே பொது இடத்தில் செய்யக்கூடியது, முழுக்கைச் சட்டையாக இருந்தால் கைமடிப்பை இறக்கி மூடச் சொல்வது மட்டுமே. மற்றதை அன்றே ஏ.என்.ஓ.விடம் விட்டுவிடுங்கள். அவர் ஒருவரை மட்டும் அழைத்துச் சொல்லாமல், அடுத்த பரேடில் மணிக்கட்டில் கடிகாரம் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது என்று எல்லோருக்கும் பொதுவாக ஆணையிடுவதே சிறந்த வழி. கோயில் கயிறு என்று யாராவது சொன்னால், அது உண்மையாகவே இருக்கலாம். அதைச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நிறத்தைப் பற்றியோ, அதன் பொருளைப் பற்றியோ ஒரு வார்த்தையும் கேட்காதீர்கள்.

விடுமுறையில் வந்த ஜவான்

நெல்லை எக்ஸ்பிரஸில் வந்து இறங்கும் படைவீரர்களில் பெரும்பாலோர் இன்று சாதாரண உடையிலேயே பயணம் செய்கிறார்கள். சீருடையில் வருபவர் பெரும்பாலும் நெடுந்தூரப் பயணம் முடித்துக் களைத்திருப்பார். அவர் உங்கள் கட்டளைக்கு உட்பட்டவர் அல்லர். நீங்கள் ஓய்வுபெற்ற சுபேதாராகவே இருந்தாலும் அவருக்கு ஆணையிடும் அதிகாரம் உங்களுக்கு இல்லை. "நானும் சர்வீஸ்ல இருந்தவன்தான் தம்பி, காலர் பித்தான் ஒண்ணு கழண்டிருக்கு" என்று சொல்லலாம். எந்த யூனிட், எங்கே போஸ்டிங் என்று மட்டும் பலர் காதில் விழக் கேட்காதீர்கள். பழைய பாசத்தில் வரும் கேள்விதான்; ஆனால் பாதுகாப்பு கருதி அவர் பதில் சொல்லக் கூடாதது அது. குடித்துவிட்டுச் சீருடையில் தகராறு செய்பவரைக் கண்டால் நீங்கள் தலையிடாமல் காவல்துறைக்குத் தெரிவியுங்கள். படையின் ஒழுங்கைக் குலைக்கும் நடத்தைக்கு 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு இருக்கிறது. அதைப் பயன்படுத்த வேண்டியவர் அவருடைய கமாண்டிங் ஆபீசர்.

பதக்கங்களும் பழைய சட்டைகளும்

நம் கிராமங்களில் ஓய்வுபெற்ற வீரர்கள் பழைய ஆலிவ் பச்சை ஜெர்சியை அணிந்து வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போவதைப் பார்க்கலாம். அதில் பட்டையோ பேட்ஜோ இல்லாதவரை சொல்வதற்கு ஒன்றுமில்லை. ஏ.டி.எம். வாசலில் காவலிருக்கும் முன்னாள் வீரர் பழைய சட்டையைப் பட்டையோடும் ரிப்பனோடும் அணிந்திருந்தால், அவரிடம் போய்ச் சட்டம் பேச வேண்டாம். அந்தச் சட்டை அவர் சம்பாதித்தது. தேநீர் குடிக்கும் நேரத்தில், "அண்ணாச்சி, அந்தப் பட்டைய எடுத்துப் பத்திரமா வச்சிக்கிடுங்க, ரிப்பன இந்த டியூட்டியில போட வேண்டாம்" என்று ஒரு முன்னாள் வீரர் இன்னொரு முன்னாள் வீரரிடம் சொல்வதே முறை. நினைவஞ்சலி நிகழ்ச்சிகளில் மறைந்த வீரரின் பதக்கங்களை அவருடைய குடும்பத்தார் வலது மார்பில் அணிவார்கள். தாமே பெற்ற பதக்கங்கள் மட்டும் இடது மார்பில் வரும். அறியாமல் இடப்பக்கம் குத்தி வந்திருக்கும் தாயிடமோ மனைவியிடமோ விழா மேடைக்கு அருகில் வைத்துச் சொல்லாதீர்கள். வரவேற்பில் நிற்கும் பெண்களில் ஒருவர் அமைதியாக உதவட்டும். நேரமில்லையென்றால் அப்படியே விட்டுவிடுங்கள்.

படையில் இல்லாதவர் அணிந்திருந்தால்

ரத வீதியில் வாங்கிய, ராணுவக் களச்சீருடை போன்ற புள்ளிச்சட்டையை அணிந்து திரியும் இளைஞரை வழிமறிக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை. பாரதிய நியாய சன்ஹிதா என்னும் தண்டனைச் சட்டத்தின் 168-ஆம் பிரிவு, படைவீரர் அல்லாத ஒருவர் தம்மைப் படைவீரர் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற நோக்கத்தோடு அத்தகைய உடையையோ அடையாளத்தையோ அணிவதைத்தான் குற்றமாக்குகிறது. தண்டனை மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நோக்கம் இல்லையெனில் இந்தப் பிரிவின்படி குற்றம் இல்லை. பள்ளி ஆண்டு விழாவில் சிப்பாய் வேடமிடும் குழந்தையும், குலசேகரன்பட்டினம் தசராவுக்கு நேர்ந்துகொண்டு வேடம் கட்டும் பக்தரும் இதில் அடங்க மாட்டார்கள். வேடம் கட்டுபவர் தெரிந்தவராக இருந்தால், உண்மையான பதக்கமோ ரெஜிமென்ட் பேட்ஜோ வேண்டாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம். தரைப்படையின் புதிய களச்சீருடை வடிவத்தின் உரிமை படைக்கே பதிவு செய்யப்பட்டிருக்கிறது. அதே துணியை ஒரு கடையில் கண்டால் கடைக்காரரிடம் இதைச் சொல்வது நல்லது. தெரியாமல் வாங்கி விற்பவரும் இருக்கலாம்.

போலியாக ராணுவ உடை அணிந்து பணம் வசூலிப்பவர், வேலை வாங்கித் தருவதாகச் சொல்பவர், வாடகை வீடு கேட்டு முன்பணம் பேசுபவர் ஆகியோர் விஷயம் வேறு. அவரைப் பிடித்து வைக்கும் எண்ணம் யாருக்கும் வரும், வேண்டாம். தனிநபர் ஒருவர் இன்னொருவரைக் கைது செய்ய பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா என்னும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் பொதுவாக அது பிணையில் விடமுடியாத, பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் கண்ணெதிரே நடந்தால் மட்டுமே. 168-ஆம் பிரிவின் குற்றம் பிணையில் விடத்தக்கது. எனவே அவரைப் பிடித்து நிறுத்துவதும், அடையாள அட்டையைப் பறித்துப் பார்ப்பதும், பேட்ஜைப் பிய்ப்பதும் உங்கள் மீதே வழக்காக முடியலாம். அவருக்குச் சந்தேகம் வராதபடி விலகி நின்று 112-ஐ அழையுங்கள். ரயிலிலோ ரயில் நிலையத்திலோ என்றால் 139-ஐ அழையுங்கள் அல்லது அங்குள்ள ரயில்வே காவலரிடம் சொல்லுங்கள். விஜயநாராயணம், கூடங்குளம், மகேந்திரகிரி போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களின் அருகில் இப்படி ஒருவரைக் கண்டால் சிறிதும் தாமதிக்க வேண்டாம். தடைசெய்யப்பட்ட இடத்துக்குள் நுழையும் நோக்கத்தோடு படைச்சீருடையைப் பயன்படுத்துவது 1923-ஆம் ஆண்டு அலுவல் ரகசியச் சட்டத்தின் 6-ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை விதிக்கத்தக்க குற்றம்.

காவலரிடம் சொல்லும்போது உங்கள் முடிவைச் சொல்லாமல் கண்டதைச் சொல்லுங்கள். "போலி மிலிட்டரி ஒருவன் இருக்கிறான்" என்பதைவிட, என்ன நிற உடை, தோளில் என்ன எழுத்து, கையில் எத்தனை பட்டை, எந்தக் கையில், எந்த நேரம், எந்தக் கடையின் முன், யாரிடம் என்ன கேட்டார், எந்தப் பேருந்தில் ஏறினார் என்பவையே அவர்களுக்கு உதவும். உடையில் நீங்கள் கவனித்த பிழையையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஹவில்தார் பட்டை இடது கையில் இருந்தது என்ற ஒரு செய்தி விசாரணைக்கு நல்ல தொடக்கமாக அமையும். அவர் உண்மையான வீரராகவே இருந்துவிட்டால், அடையாள அட்டையைக் காட்டிவிட்டு அவர் தம் வழியே போய்விடுவார். நீங்கள் அவரைப் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டாததால் இருவருக்கும் மனக்கசப்பு இராது.